பாழ் என்னும் சொல்

எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் நம்போன்ற கிராணிகளுக்குச் சொற்கள் மலிவு. காலை பெரட்டு முதல் மாலைக் கணக்கு முடியும் வரை எத்தனையோ சொற்களை ஏடுகளில் பதிந்து தள்ளுகின்றோம். அவற்றுள் ஒரு சொல்லைப் பல்லாண்டுகளாக யாதொரு கூச்சமுமின்றி எழுதி வந்தோம். இன்று அதனை எழுதப் புகுந்தால் கை தயங்குகின்றது. அச்சொல் 'பாழ்' என்பது. தோட்டத்து ஏட்டில் அதனை ஆங்கிலத்தில் 'வேஸ்ட் லாண்டு' என்று எழுதுவது வழக்கம். அத்தயக்கம் எங்ஙனம் நேர்ந்தது என்பதைச் சொல்லவே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் ஜோகூரின் தென்மேற்குக் கரையோரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கின்றோம். வயது முப்பதைக் கடந்துவிட்டது. நம் தந்தையார் அதே தோட்டத்தில் குலை வெட்டியவர். ஆயினும் பிள்ளை ஆங்கிலம் படிக்கவேண்டுமென்னும் ஆசையால், நம்மைச் சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் குடியிருந்த தாய்மாமன் வீட்டில் விட்டுவைத்தார். பள்ளிப் படிப்பு முழுவதும் அங்கேதான் நடந்தது. இன்றும் மாதமொருமுறை பாலத்தைக் கடந்து, குவீன் ஸ்திரீட்டு நிலையத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, மாமாவின் அடுக்குமாடி வீட்டுக்கு நடந்தே போகின்றோம்.

ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் 'பெரிய சாலை' என்று பொருள். இன்று அவ்வீதியில் இரும்புச் சாமான் கடைகளும் விளக்குக் கடைகளும் சோற்றுக் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. காலடியில் என்ன இருந்தது என்று எவரும் எண்ணுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பகுதி உவர்நீர் ஏறி இறங்கும் சதுப்பும், அதனையடுத்த தோப்புகளுமாய் இருந்தது. சேற்றைத் தூர்த்துத்தான் வீதியும் வீடுகளும் எழுந்தன. அப்பால் காலாங் ஆற்று முகத்திலிருந்த சதுப்பை மண்ணிட்டு மூடி, 1937 ஜூன் மாதத்தில் விமான நிலையமே திறந்தனர். ஆங்கிலேயர் வந்திறங்கிய காலத்தில் இத்தீவின் நிலப்பரப்பில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அலையாத்திக் காடாக இருந்ததென்று மதிப்பிடுகின்றனர். இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு இவ்வரலாறு ஏட்டால் தெரிந்ததன்று, உடம்பால் தெரிந்தது. 1977-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டுமென்று பிரதமர் லீ குவான் யூ பணித்தார். 1987-இல் அவ்வேலை நிறைவெய்தியது. அப்பத்தாண்டில் தினக்கூலியாகச் சாக்கடையிலும் கால்வாயிலும் இறங்கியவர்களுள் மாமாவும் ஒருவர். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே மூன்று முறை குளிப்பாராம். "அந்தத் தண்ணிக்கு நிறமே கிடையாது, கருப்புதான்" என்று இன்றும் சொல்லுவார். நீர்நாய்கள் இந்நாட்டை விட்டே அகன்றிருந்த காலம் அது. 1998-இல் அவை சுங்கை பூலோவில் மீண்டும் தென்பட்டன. பின்னர் காலாங் படுகைக்கும் வந்து, இன்று குட்டிகளோடு கரையேறி வெயில் காய்கின்றன. மாமா அவற்றைக் காணும்போதெல்லாம், தாம் கட்டிய வீட்டில் பிறர் குடியேறியதைக் காணும் கொத்தனாரைப்போல் வாய் பேசாது நிற்பார்.

நிற்க. நமக்குப் படம் பிடிக்கும் பித்து ஏற்பட்டதும் ஜாலான் புசாரிலேதான். மாமா வீட்டுக்கு அருகில் சுங்கை ரோட்டில் பழம்பொருட் சந்தை ஒன்று இருந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாளோடு அது மூடப்பட்டுவிட்டது. பள்ளி முடித்த ஆண்டில் அங்கே ஒரு கிழவரிடம் பேரம் பேசிப் பழைய காமிரா ஒன்றை வாங்கினோம். பாதிப் பணம் மாமா கொடுத்தார். பிறகு சம்பளம் வாங்கத் தொடங்கியதும் தொலைவிலுள்ளதை அருகே காட்டும் நீண்ட வில்லையும், பிலிம் வேண்டாத புதுக் காமிராவும் தவணையில் வந்து சேர்ந்தன. முதலில் வீதியையும் கோயில் கோபுரத்தையும் படமெடுத்தோம். அவை நின்ற இடத்தில் நிற்பவை. அசைவதைப் பிடிக்கவேண்டுமென்னும் ஆசை வந்தது. அவ்வாசையே நம்மைச் சுங்கை பூலோவுக்கு இழுத்துச் சென்றது.

சுங்கை பூலோ சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜோகூர் நீரிணையின் கரையில் உள்ளது. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, நியூட்டனில் மாறி, கிராஞ்சியில் இறங்கிப் பேருந்தில் போகலாம். முன்னாளில் இறால் வளர்க்கும் குளங்கள் அங்கிருந்தன. 1986-இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை நோக்கர்கள், கைவிடப்பட்ட அக்குளங்களில் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாய் இறங்குவதைக் கண்டு, அவ்விடத்தைக் காக்குமாறு அரசாங்கத்தை வேண்டினர். வெறும் வேண்டுகோளோடு நில்லாமல் பறவைகளை எண்ணிக் கணக்கும் காட்டினர். அதன் பயனாக 1993 டிசம்பர் 6-இல் அது 87 ஹெக்டேர் கொண்ட இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002-இல் 130 ஹெக்டேர் கொண்ட காப்பகமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. கணக்கெழுதும் தொழிலைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி தனிப்பெருமை அளித்தது. ஒரு கணக்கு ஒரு காட்டைக் காத்திருக்கின்றதன்றோ!

பழைய இறால் குளங்களின் மதகுகளை அங்கே இன்றும் இயக்குகின்றனர். வற்று நேரத்தில் நீரிணைச் சேறு வெளிப்பட, பறவைகள் அதில் இறங்கி இரை தேடும். ஏற்றம் வந்து சேற்றை மூடியதும் அவற்றுக்கு நிற்க நிலம் இராது. அவ்வேளையில் குளத்து நீரை மதகால் குறைத்து வைத்தால் நடுவில் மண்திட்டுகள் தோன்றும். பறவைகள் அங்கே வந்து ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகி உறங்கும். நம் தோட்டத்திலும் மதகுகள் உண்டு. அவை கடலை வெளியே நிறுத்தி வாய்க்கால் நீரை வடிப்பதற்கானவை. ஒரே கருவியை ஓரிடத்தில் சேற்றைக் கொல்லவும் மற்றோரிடத்தில் சேற்றைக் காக்கவும் கையாள்வதைக் கண்டு வியந்தோம்.

வரும் பறவைகளின் வரலாறோ நெஞ்சை உருக்குவது. பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரிக்கின்றது. அங்கே குளிர் தொடங்குமுன் புறப்பட்டு, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலிருந்து இங்கே வந்திறங்குகின்றது. பவளம் போன்ற சிவந்த கால்களையுடைய பவளக்காலி, பச்சைக்காலி, வளைந்த அலகுடைய கோட்டான் முதலியனவும் இவ்வாறே வருகின்றன. மார்ச்சு, ஏப்ரலில் மீண்டும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. வடதுருவப் பகுதியிலிருந்து ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து வரை நீளும் இவ்வான்வழியில் சுங்கை பூலோ ஒரு சத்திரம். இவ்வழியே செல்லும் பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த இளம்பறவை ஒன்று, 2022-இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாளில், எங்கும் இறங்காது பறந்து கடந்ததை அதன் உடலில் பொருத்திய கருவி காட்டியது. சில இனங்கள் புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்கின்றன. அக்கொழுப்பே வழிச்செலவு. சேற்றில் அவை பொறுக்கும் ஒவ்வொரு புழுவும் அவ்வழிச்செலவுக்குச் சேர்க்கும் காசு என்க.

இவற்றையெல்லாம் நாம் ஆங்கில நூல்களில் படித்து நன்கறிந்திருந்தோம். அறிந்தும் ஒருநாள் இழைத்த பிழையை இனிச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் மாமாவையும் உடனழைத்துச் சென்றிருந்தோம். ஏற்றம் உச்சத்தில் இருந்த நேரம். குளத்தின் நடுத்திட்டில் பவளக்காலிகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நின்று உறங்கின. காலை வெயில் நீர்மேல் பட்டு எழில் கொஞ்சியது. மரப்பலகை மறைவிடத்தின் துளைவழியே வில்லையை நீட்டி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு பறவையும் அசையவில்லை. உறங்கும் பறவையின் படம் நம்மிடம் நிறைய இருந்தது. பறக்கும் கூட்டத்தின் படந்தான் இல்லை. நம் நண்பர் வட்டத்தில் அத்தகைய படத்துக்கே மதிப்பு. ஆசை அறிவை மறைத்தது. மறைவிடத்தைவிட்டு வெளியே வந்து, வரம்பின்மேல் நின்று, இரு கைகளையும் ஓங்கித் தட்டினோம்.

பவளக்காலிக்குச் சதுப்பின் காவலாளி என்று ஆங்கிலேயர் பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்று கூவினால் கூட்டம் முழுவதும் எழும். அன்றும் எழுந்தது. வெண்பட்டைச் சிறகுகள் ஒரே வீச்சில் விரிந்தன. நாம் விரும்பிய படம் கிடைத்தது. கூட்டம் குளத்தை மூன்று முறை வட்டமிட்டு, இறங்க அஞ்சி, நீரிணைப் பக்கம் போய்விட்டது. நீரிணையிலோ அப்போது சேறு இல்லை, தண்ணீர்தான்.

மகிழ்ச்சியோடு திரும்பி மாமாவைப் பார்த்தோம். அவர் பறவைகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துக் கேட்டார்: "மாப்பிள்ளை, அதுங்க எங்கேயிருந்து வந்ததுன்னு சொன்னே?"

"வடக்கே, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மாமா."

"அவ்வளவு தூரம் வந்து இப்பத்தான் கண்ணை மூடியிருக்கும். நீ கைதட்டி எழுப்பி விட்டுட்டியே. காவாயிலே வேலை பார்த்தப்போ, பத்து மணிக்குச் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டுக் குந்துவோம். அந்த நேரம் பார்த்து ஒரு மேஸ்திரி விசில் ஊதுவான். வேலை ஒண்ணும் இருக்காது. நாங்க எழுந்திரிக்கிறதைப் பார்க்க அவனுக்கு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

அதன்மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் ரயிலில் நமக்கும் பேச்சு எழவில்லை. அம்மேஸ்திரியின் முகம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு அது எண்ணுதற்கரிய முகமன்று. பெரட்டு மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்த கிழவியின் பெயரை ஏட்டில் அடித்த கை இது. பறவையைப் பற்றி நூறு செய்தி அறிந்திருந்தோம். அதன் களைப்பை மட்டும் அறிந்திலோம். களைப்பை அறிந்தவர், கற்ற நாம் அல்லேம், கால்வாயில் நின்றவர்.

அன்று மாலை இன்னொன்றும் நிகழ்ந்தது. வீட்டில் காமிராவின் சிறு திரையில் படங்களைக் காட்டினோம். மாமா, "இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை. ஆங்கிலப் பெயரும் இலத்தீன் பெயரும் நாவின் நுனியில் நின்றன. தமிழ்ப் பெயர் எங்கும் இல்லை. மாமாவே, "எங்க அம்மா உள்ளான்னு சொல்லும். வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத்திலே வந்து எறங்குமாம்" என்றார். பாட்டியின் ஊருக்கு அருகிலுள்ள கோடியக்கரை 1967 முதல் சரணாலயமாக இருப்பதும், அங்கும் இதே பவளக்காலி குளிர்காலத்தில் வருவதும் நாம் பின்னர்த் தேடி அறிந்தவை. கடல்கடந்து வந்த குடும்பத்தில், பாட்டி ஊர்ப் பறவையின் பெயரைப் படிக்காதவர் காத்து வைத்திருந்தார், படித்தவன் தொலைத்துவிட்டான்.

இத்துறையில் தமிழருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் தாம் மறையும் வரை ஆங்கில நாளிதழொன்றில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதி வந்தார். பல துண்டுகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவால் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக வந்துள்ளன. அந்நூலைத் தேடி வாங்கிப் படித்தபின்பே, பறவைக்குத் தமிழில் பெயருண்டு என்பதோடு, பறவையைப் பற்றித் தமிழில் நினைக்கவும் இயலும் என்பது விளங்கிற்று.

நிற்க. முதலிற் குறித்த சொல்லுக்கு வருவோம். நம் தோட்டத்தின் கடைசிப் பிரிவில், கடலணைக்கு அப்பால், ஆற்றுமுகத்தையொட்டி ஒரு துண்டு நிலம் உண்டு. சுரபுன்னையும் வெண்கண்டலும் வளர்ந்த சேற்று நிலம். மலாய்க்காரர் அங்கே நண்டு பிடிப்பர். நம் ஏட்டில் அது ஆண்டாண்டாகப் 'பாழ்' என்றே பதிவாகி வந்தது. நாமும் அப்படியே நகலெடுத்து வந்தோம். கைதட்டிய ஞாயிறுக்குப் பிறகு ஒருநாள் மாலை காமிராவுடன் அணைமேல் ஏறினோம். வற்று நேரம். சேறெங்கும் உள்ளான்கள்! சுங்கை பூலோவிலிருந்து நீரிணைக்கு மறுபுறம் ஜோகூர்க் கரையை எத்தனையோ முறை பார்த்திருக்கின்றோம். அக்கரையிலும் பறவைகள் இறங்கும் என்று ஒருமுறையேனும் எண்ணினோமில்லை. பறவை பார்க்கக் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு அந்நாட்டுக்குப் போனோம்; நாம் பாழென்று எழுதிய இடத்தில் அவை நமக்காகக் காத்திருந்தன.

அடுத்த ஆண்டில் நிர்வாகம் அத்துண்டை அணைகட்டி வடித்துச் செம்பனை நடுவது பற்றிக் குறிப்பெழுதச் சொல்லிற்று. எழுதுபவன் கிராணி. முன்னாளாயின் அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும். இம்முறை மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். ஏற்றத்திலும் வற்றிலும் பறவைகளை எண்ணினோம். நண்டு பிடிப்பவரிடம் விலை கேட்டு எழுதினோம். அத்தகைய சேற்றை வடித்துக் காற்றுப்படச் செய்தால் அதிலுள்ள கந்தகக் கூறு அமிலமாகி, பனையின் வேரைத் தீய்ப்பதோடு வாய்க்கால் மீனையும் கொல்லும் என்பதை, கடலோரத் தோட்டங்களின் பட்டறிவைக்கொண்டு காட்டினோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது கடலூர் மாவட்டத்தில் மரக்காடு முன்னின்ற ஊர்களில் சேதம் குறைந்திருந்ததென ஆராய்ச்சியாளர் 2005-இல் எழுதியதையும், ஜோகூரிலேயே குக்குப் தீவும் தஞ்சோங் பியாயும் சுங்கை பூலாயும் 2003-இல் உலகளாவிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதையும் சேர்த்தோம். இறுதியில் நாற்பது படங்களை இணைத்தோம். அவற்றுள் நாம் எழுப்பிவிட்டுப் பிடித்த படம் ஒன்றும் இல்லை.

மேலாளர் படங்களைப் புரட்டிப் பார்த்து, "அழகாய் இருக்கிறது. ஆனால் அழகுக்கு ஏக்கருக்கு எத்தனை டன்?" என்றார். அமிலச் செய்தியை மட்டும் இருமுறை படித்தார். குறிப்பு மேலிடத்துக்குப் போயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. அணை அப்படியே நிற்கின்றது. அவ்வாண்டு ஏட்டை எழுதும்போது 'பாழ்' என்னும் சொல்லை விடுத்து, 'கரைக்காடு, வலசைப் பறவைகள் தங்குமிடம்' என்று பதிந்தோம். அதை அடிக்க எவரும் முனையவில்லை. ஒரு கிராணியின் கைக்கு இவ்வளவே எட்டும், இவ்வளவும் எட்டும்.

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவை பார்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கென்று எண்ணாதீர்கள். காமிராவும் முதலில் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், இயன்றால் ஒரு தொலைநோக்கி ஆகியவை போதும். ஏற்ற வற்று நேரத்தை முன்கூட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் அவற்றை உறங்க விடுங்கள். வற்றில் தொலைவிலிருந்து கவனியுங்கள். பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலைதூக்கி ஆட்டத் தொடங்கினால், 'நீ நெருங்கிவிட்டாய்' என்று சொல்லுகின்றது, பின்வாங்குங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் பறவைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பெயர்கள் அவர்களோடு போய்விடுமுன் கேட்பது நலம்.

இப்போது மாதமொருமுறை லயத்துப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் என்றில்லாவிடினும் ஒரு ஞாயிறேனும் அணைமேல் அழைத்துப் போகின்றோம். அவர்களுள் ஒரு சிறுமி, முன்னர் நாம் ஏட்டில் பெயரடித்த கிழவியின் பேத்தி. அவள்தான் எண்ணுவதில் தவறாதவள்.

பறக்கும் கூட்டத்தின் படத்தை நாம் அழிக்கவுமில்லை, எவருக்கும் காட்டவுமில்லை. ஜாலான் புசார் வீட்டுக் கூடத்தில் வேறொரு படம் மாட்டியிருக்கின்றது. மாமாவே தேர்ந்தெடுத்தது. பவளக்காலிகள் ஒற்றைக்காலில் நின்று அலகைச் சிறகில் செருகி உறங்கும் படம். வருவோர், "இதில் என்ன விசேஷம்? ஒன்றும் செய்யாமல் நிற்கின்றனவே" என்பர். மாமா குரலைத் தாழ்த்தி, "தூங்குதுங்க" என்று விடை சொல்லுவார்.